பூ அடையாளம் போட்ட போன்

சுந்தரவல்லியின் இடது கை பாகீரதி மாமியை ஒருக்களித்தபடி தாங்கியிருந்தது. வலது கை, சலைனில் நனைத்த காஸ் துணியால், முதுகுத்தண்டு முடியும் இடத்திலிருந்த புண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தது. நடுவில் தொடங்கி வெளிப்பக்கமாக ஒரு சுற்று. அத்தோடு அந்தத் துணி குப்பைக்கு. அடுத்த சுற்றுக்கு அடுத்த துணி. துணியில் சிக்கனம் பார்க்கிறவர்கள் இந்த வேலைக்கு வரக் கூடாது என்பது அவள் கட்சி.

"இன்னும் எத்தனை நாழிடி சுவத்தையே பாத்துண்டு கிடக்கறது?" என்றாள் மாமி.

"ரெண்டு நிமிஷம்."

"ஒரு வேர்க்குருவுக்கு இத்தனை அமர்க்களமா? கல்கத்தாவில வேர்க்குரு வராத முதுகு எது? பவுடர் போட்டா போறது."

சுந்தரவல்லி கையிலிருந்த துணியைக் குப்பையில் போட்டாள். சென்டிமீட்டர் போட்ட காகிதப் பட்டையைப் புண்ணின் ஓரமாக வைத்துப் பார்த்தாள். நாலரை. போன வாரமும் நாலரைதான். அடியில் சிவப்பைக் காணோம். சாம்பல் பூத்தாற்போல ஒரு படலம்.

வேர்க்குரு என்று மாமியிடம் சொன்னது மகன் குருபிரசாத். நிஜத்தைச் சொன்னால் அம்மா பயப்படுவாள் என்று அவன் நினைத்தான். பயப்பட வேண்டிய விஷயத்துக்குப் பயப்படாமல் இருப்பதில் என்ன லாபம் என்று சுந்தரவல்லிக்கு விளங்கவில்லை. ஆனால் அது அவன் வீடு, அவன் அம்மா.

அது 2005-ஆம் வருஷம். மே மாதக் கடைசியில் மாமி பாத்ரூமில் வழுக்கி விழுந்து வலது இடுப்பை முறித்துக்கொண்டாள். ஆபரேஷன் செய்து பிளேட் வைத்தார்கள். நர்சிங் ஹோமில் பதினொரு நாள் ஒரே கிடையாக மல்லாந்து கிடந்தாள்; புரட்டிப் படுக்கவைக்க அங்கே யாருக்கும் நேரமில்லை. பன்னிரண்டாம் நாள் லேக் மார்க்கெட் வீட்டின் மூன்றாவது மாடிக்குத் திரும்பியபோது புண்ணும் கூட வந்தது. அதற்குப் பிறகுதான் நோயாளி பார்க்க ஆள் அனுப்பும் ஆயா சென்டரிலிருந்து சுந்தரவல்லியை வரவழைத்தார்கள்.

சுந்தரவல்லி கரக்பூர் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்தவள். அப்பா வேலாயுதம் லோகோ ஷெட்டில் ஃபிட்டர். முப்பத்து நாலு வயதில் புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு, ஒரு தர்ம ஆஸ்பத்திரியில் ஆறு மாதம் நோயாளிப் பராமரிப்புப் பயிற்சி எடுத்துக்கொண்டாள். டாலிகஞ்சில் ஓர் அறை பிடித்துக்கொண்டு, வீடு வீடாகப் போய்ப் பதினெட்டு வருஷம் வேலை பார்த்தாயிற்று. அவள் கையில் கிடந்த யாருக்கும் படுக்கைப் புண் வந்தது கிடையாது. பிறர் கையில் வந்த புண்ணை ஆற்ற வேண்டிய வேலை இதுதான் முதல் தடவை.

ஆறாததற்குக் காரணம் அவளுக்குத் தெரியும். மாமி மல்லாந்து படுக்கக் கூடாது. வலது பக்கம் பிளேட் இருப்பதால் அந்தப் பக்கமும் ஆகாது. மிச்சம் இடது பக்கம். கட்டில் தெற்கே தலைவைத்து மேற்குச் சுவரை ஒட்டிக் கிடந்தது. இடது பக்கம் திரும்பினால் சுண்ணாம்புச் சுவர்தான். டிவி, வாசல், பால்கனிக் கம்பி வழியே தெரியும் தெரு, எல்லாம் முதுகுக்குப் பின்னால். வல்லி அடுப்படிக்குப் போன பத்தாவது நிமிஷம் மாமி முழங்கையை ஊன்றி மறுபடி மல்லாந்துவிடுவாள்.

"கட்டிலைத் திருப்பிப் போட்டுட்டா என்னம்மா? தலை அந்தப் பக்கம், கால் இந்தப் பக்கம்" என்று மருமகள் ஸ்மிதா ஒரு தடவை கேட்டுப் பார்த்தாள்.

"வடக்கே தலைவச்சுப் படுக்க நான் இன்னும் சாகலை" என்றாள் மாமி. பேச்சு முடிந்தது.

கட்டிலைக் கிழக்குச் சுவருக்கு நகர்த்தலாம். அங்கே இரும்பு பீரோ நின்றது. மாமியின் புருஷன் ராஜாராமன் மாமா போர்ட் டிரஸ்டில் ரிடையரான வருஷம் கிடர்பூரிலிருந்து கைவண்டியில் வந்து, ஆறு பேர் மூச்சுப் பிடித்து மாடியேற்றி வைத்த பீரோ. மாமா போய் ஏழு வருஷம் ஆகியும் அவர் வைத்த இடத்தை விட்டு அது நகரவில்லை. "வேர்க்குருவுக்காக பீரோவை நகர்த்தறதா?" என்று மாமி கேட்டால் யாரிடமும் பதில் இல்லை. வேர்க்குரு என்று சொன்னவர்களே அவர்கள்தானே.

டாக்டர் ரங்கராஜன் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சேம்பரில் உட்கார்ந்து நோயாளிகளைப் பார்த்தார். எழுபது தாண்டிய சர்ஜன், இரண்டு முழங்காலும் தேய்ந்துபோனவர். மாமி வீட்டுக்கு லிஃப்ட் கிடையாது, அறுபத்திரண்டு படி. ஒரு தடவை மாமியை நாற்காலியில் வைத்து நாலு பேர் இறக்கிக் காட்டினார்கள். அவள் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கட்டிடக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"நீ வாயால சொல்றதை வச்சு நான் மருந்து எழுத முடியாது, வல்லி" என்றார் டாக்டர். "கண்ணால பாக்கணும். வாரத்துக்கு ரெண்டு தடவை. முடியலேன்னா நர்சிங் ஹோம்ல சேத்துடுங்கோ. அங்க சுரண்டி எடுத்துப் பாத்துப்பா."

"அங்கேதானே டாக்டர் இது வந்துச்சு?"

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அது எனக்கும் தெரியும். வேற வழி இருந்தா சொல்லு."

"போட்டோ எடுத்துட்டு வந்தா பாப்பீங்களா?"

"எந்த ஸ்டூடியோக்காரனை மாடி ஏத்தப் போறே?"

"ஸ்டூடியோ வேணாம். இப்ப போன்லயே கேமரா வருது. முன்னாடி வேலை பாத்த வீட்டுப் பொண்ணு வச்சிருந்துச்சு."

டாக்டர் சுவர்க் காலண்டரைப் பார்த்தார். "மூணு வாரம் தரேன். ஒரு சென்டிமீட்டராவது குறையணும், அடி சிவக்கணும். இல்லேன்னா இருபத்திரண்டாம் நாள் பெட். இப்பவே சொல்லி வச்சுடறேன்."

சொன்னபடி அந்த இருபத்திரண்டாம் நாள் வெள்ளிக்கிழமைக்கே தேதி போட்டு நர்சிங் ஹோமில் படுக்கைக்கு எழுதிக்கொடுத்தும் விட்டார்.

குருபிரசாத்துக்கு இந்த யோசனை உடனே பிடித்துப்போனது, வேறொரு காரணத்துக்காக. அவன் பேங்க்கில் ஊழியர்களுக்கு ஒரு மொபைல் கம்பெனி பாதி விலையில் போன் கொடுத்தது. ஆனால் வெளியே வாங்கின போன் எதுவும் அந்தக் கம்பெனிக்கு ஒத்துவராது. சிம் கார்டு கிடையாது, நம்பரே போனுக்குள் வைத்துத்தான் வரும். அவர்கள் பட்டியலில் இருப்பதைத்தான் வாங்க வேண்டும். கேமரா வைத்தவை மொத்தம் மூன்று. அதில் மடக்கிப் பிரித்து, கேமராவை இப்படியும் அப்படியும் திருப்புகிற வெள்ளிநிற போன் ஒன்றின் மேல் அவனுக்கு ரொம்ப நாளாகக் கண்.

"புதுசை நான் வச்சுக்கறேன், வல்லிதி. தினம் காலம்பற படம் எடுத்துட்டு ஆபீஸ் கிளம்பறேன்" என்றான். பக்கத்து வீட்டு வங்காளிகள் 'தி' போட்டு அவளைக் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு அவனுக்கும் அதுவே அக்கா என்றாகிவிட்டது.

"வாங்கறப்ப நானும் வரேன் தம்பி."

"நீங்க எதுக்கு?"

"படம் எடுக்கப்போறது நான்தானே."

சனிக்கிழமை ராஷ்பிஹாரி அவென்யூவிலிருந்த கம்பெனிக் கடைக்கு இருவரும் போனார்கள். ஏசி குளிரில் டை கட்டிய தேப்நாத் என்கிற ஆள் மூன்று போன்களையும் கண்ணாடி மேல் வரிசையாக வைத்தான். சுந்தரவல்லி ஒன்றை எடுத்து எடை பார்த்தாள். காற்றுபோல இருந்தது.

"இது வெறும் கூடு" என்றாள் வங்காளியில். "திரையில காகிதம் ஒட்டியிருக்கு."

"மாசிமா, இது பார்வைக்கு வச்சிருக்கிறது. நிஜ போன் பெட்டிக்குள்ள இருக்கு. பணம் கட்டினதும் பிரிச்சுக் கொடுப்போம்" என்று சித்தி முறை வைத்துச் சொன்னான் தேப்நாத்.

"எடுத்துப் பாக்காம எப்படி வாங்கறது?"

"எல்லாத்துலயும் கேமரா இருக்கு மாசிமா. வெள்ளிநிறத்துல ஒண்ணு புள்ளி மூணு மெகாபிக்ஸல். மத்ததுல அதுல பாதிகூட இல்ல. இதுல யோசிக்க என்ன இருக்கு?"

"பாத்தேளா?" என்று குருபிரசாத் தமிழில் சொன்னான், ஏற்கெனவே வென்றவன்போல.

சுந்தரவல்லி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். உட்கார்ந்தால் சீக்கிரம் எழுந்திருக்க மாட்டாள் என்பது அவள் உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்தது. பின்னால் நாலு பேர் நின்றார்கள். தேப்நாத் மேனேஜரைப் பார்த்தான். மேனேஜர் தலையை ஆட்டினார். மூன்று பெட்டிகள் வெளியே வந்தன.

அவள் புடவைத் தலைப்பை ஒதுக்கி இடது முழங்கையின் உட்புறத்தைக் கண்ணாடி மேல் வைத்தாள். பல வருஷத்துக்கு முன்னால் கஞ்சி கொட்டின தழும்பு ஒன்று அங்கே ரூபாய்க் காசளவில் இருந்தது. நடுவில் இளஞ்சிவப்பு, ஓரத்தில் வெளுப்பு. ஜாக்கெட்டுக்குள்ளிருந்து காகிதப் பட்டையை எடுத்துத் தழும்பின் பக்கத்தில் வைத்தாள்.

"ஒரு சாண் தூரத்துல வச்சு எடு."

தேப்நாத் அவள் முகத்தை எடுக்கப் போனான். "மூஞ்சி வேணாம். இதை எடு."

வெள்ளிநிற போனில் வந்த படம் பெரிதாக, பளபளப்பாக இருந்தது. தழும்பு பனிமூட்டத்தில் பார்த்த சிவப்பு பஸ்போல இருந்தது. பட்டையில் எண் எதுவும் படிக்க முடியவில்லை.

"கொஞ்சம் தள்ளி வச்சு எடுக்கணும் மாசிமா. ரெண்டு முழம்."

தள்ளி எடுத்தான். தெளிவாக வந்தது. தழும்பு கடுகளவில் தெரிந்தது.

இரண்டாவது போனில் பளிச்சென்று ஒரு விளக்கு அடித்தது. படத்தில் தோல் எல்லாம் சுண்ணாம்படித்தாற்போல ஆகிவிட்டது. "சிவப்பு எங்கே போச்சு?" என்றாள் அவள். விளக்கை அணைத்து எடுத்தான். இப்போது எல்லாமே கறுப்பு.

மூன்றாவது போன் கனமாக, பழுப்பாக, சோப்புக் கட்டிபோல இருந்தது. அதை எடுக்கும்போதே தேப்நாத் கொஞ்சம் வெட்கப்பட்டான். அதிலும் மூட்டம்தான். சுந்தரவல்லி அதை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். கண்ணாடிக் கண்ணின் பக்கத்தில் நகத்தால் தள்ளுகிற சின்னக் கட்டை ஒன்று, அதன் அருகே ஒரு பூவின் கோடு.

"இது என்ன?"

"அதுவா? பூவைப் படமெடுக்க இருக்கும் மாசிமா. யாரும் தொடறதில்ல."

அவள் கட்டையைத் தள்ளிவிட்டு போனை அவனிடம் திருப்பிக் கொடுத்தாள். "இப்ப எடு."

படம் வந்தது. தழும்பின் ஓரம் எங்கே முடிந்து நல்ல தோல் எங்கே தொடங்குகிறது என்பது கோடு போட்டாற்போலத் தெரிந்தது. கையின் ரோமம் ஒவ்வொன்றாக எண்ணலாம். பட்டையில் இரண்டும் மூன்றும் படிக்க முடிந்தது. பின்னால் நின்றவர்களில் ஒருவர் வங்காளியில் "பாஹ்!" என்று வியந்தார்.

"இதான்" என்றாள்.

"வல்லிதி, இதை நான் எப்படி ஆபீஸுக்கு எடுத்துண்டு போவேன்? சிரிப்பா."

"நீங்க எதுக்கு எடுத்துட்டுப் போறீங்க? இது மருந்துத் தட்டுல இருக்கும்."

"போன் என் பேர்ல வாங்கறது!"

"போன் உங்க பேர்ல தம்பி. புண்ணு உங்க அம்மா பேர்ல."

தேப்நாத்துக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் வெள்ளிநிறப் பெட்டியை அவனாகவே மூடி உள்ளே வைத்துவிட்டான்.

இனிமேல்தான் நிஜமான தகராறு. கேமரா என்ற வார்த்தையைக் கேட்டதும் மாமி போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள்.

"என் பின்பக்கத்தைப் படம் பிடிச்சு லேக் மார்க்கெட் பூராவும் காட்டப் போறேளா? பெத்த பிள்ளை போன்லயா? வெக்கமா இல்லே?"

"அம்மா, டாக்டருக்கு..."

"நீ வெளில போடா!"

குருபிரசாத் போய்விட்டான். சுந்தரவல்லி கதவைச் சாத்திவிட்டு வந்தாள். கெஞ்சுகிற வழக்கம் அவளுக்கு இல்லை. கெஞ்சினால் நோயாளிகளுக்குப் பிடிவாதம் கூடும் என்பது அவள் அனுபவம்.

"மாமி, இதுக்குப் பூட்டு இருக்கு. நாலு நம்பர் போட்டாத்தான் படம் தெறக்கும். நீங்களே போடுங்க. உங்களுக்கும் எனக்கும் தவிர யாருக்கும் தெரியாது. டாக்டருக்கு நான் கையில வச்சுக் காட்டுவேன். அவர் கையில குடுக்க மாட்டேன்."

மாமி யோசித்தாள். "ஒரு கண்டிஷன். நீ எடுக்கறதை முதல்ல நான் பாக்கணும்."

சுந்தரவல்லி சாத்தின கதவைப் பார்த்தாள். வேர்க்குரு என்று சொல்லிவைத்திருக்கிற வீடு. மகனைக் கேட்டுவிட்டுச் செய்யலாம். கேட்டால் வேண்டாம் என்பான்.

"சரி, பாருங்க" என்றாள்.

மாமியை இடது பக்கம் திருப்பினாள். பட்டையை வைத்து, பூக் கட்டையைத் தள்ளி, ஒரு சாண் தூரத்தில் பிடித்து எடுத்தாள். பிறகு மாமியின் கண்ணாடியை மாட்டிவிட்டு, போனை முகத்துக்கு நேரே பிடித்தாள்.

மாமி வெகுநேரம் பார்த்தாள். எழுபத்தொரு வருஷத்தில் அவள் தன் முதுகின் அந்த இடத்தைப் பார்த்ததில்லை. யார்தான் பார்த்திருக்கிறார்கள்?

"இது என்னோடதா?"

"ஆமா மாமி."

"வேர்க்குருன்னானே."

"இது படுக்கைப் புண்ணு. நீங்க மல்லாந்து படுக்கற ஒவ்வொரு தடவையும் அது நசுங்குது. ரத்தம் போகலேன்னா ஆறாது. மூணு வாரத்துல குறையலேன்னா மறுபடி நர்சிங் ஹோம்."

அவள் அழுவாள் என்று சுந்தரவல்லி எதிர்பார்த்து, துண்டை எடுத்துத் தயாராக வைத்திருந்தாள். மாமி அழவில்லை. கோபம்தான் வந்தது.

"குரு! டேய் குரு! உள்ளே வா!"

அவன் ஓடிவந்தான்.

"எனக்கு என்ன அஞ்சு வயசா? வேர்க்குருவாம்! அந்தப் பீரோவை எடுத்து மேற்குச் சுவர்ல போடு. கட்டிலைக் கிழக்கே தள்ளு. தலை தெக்கதான் இருக்கணும், சொல்லிட்டேன். இடது பக்கம் படுத்தா எனக்கு டிவி தெரியணும்."

"அப்பா வச்ச இடம்மா..."

"அப்பா வந்து என்னைப் புரட்டிப் போடுவாரா? தூக்குடா!"

அன்று சாயங்காலம் வாட்ச்மேனும் கீழ்வீட்டு இரண்டு பேரும் குருபிரசாத்துமாகப் பீரோவை நகர்த்தினார்கள். அடியில் இருபது வருஷத் தூசியும் ஸ்மிதாவின் கல்யாணத்தில் தொலைந்த வெள்ளிக் குங்குமச் சிமிழும் கிடந்தன.

அதற்குப் பிறகு மாமியைச் சமாளிக்க வேண்டியிருக்கவில்லை. மாமிதான் மற்றவர்களைச் சமாளித்தாள். கடிகாரத்தைப் பார்த்து, "வல்லி, நேரமாயிடுத்து, தலகாணியை மாத்து" என்பாள். படம் எடுக்கும்போது, "பூவைத் தள்ளினியா?" என்று தவறாமல் கேட்பாள். எடுத்ததும் கண்ணாடி மாட்டிக்கொண்டு தானே அளவைப் படிப்பாள். பருப்பும் பாலும் வேண்டாம் என்று ஒதுக்கிவந்தவள், புண் ஆறச் சத்து வேண்டும் என்று ஒரு தடவை சொன்னதும், கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டாள்.

டாக்டர் ரங்கராஜன் முதல் செவ்வாய்க்கிழமை சந்தேகத்தோடுதான் குனிந்தார். சுந்தரவல்லி போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"குடேன் இப்படி."

"வாக்குக் குடுத்திருக்கேன் டாக்டர். இங்கேருந்தே பாருங்க."

அவர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி, மூக்கு திரையில் படுகிற அளவுக்கு நெருங்கினார். "இது என்ன, ஓரத்துல வெள்ளையா, நூலா?"

அவளும் பார்த்தாள். காஸ் துணியின் ஒற்றை இழை புண்ணின் விளிம்பில் ஒட்டியிருந்தது. வீட்டில் கண்ணுக்குப் படாதது படத்தில் தெரிந்தது.

"வேற டிரெஸிங் எழுதறேன். ஒட்டாதது" என்றார். எழுதிவிட்டு, "பரவாயில்லையே உன் சோப்புக் கட்டி" என்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமை நாலு. அதற்கடுத்த செவ்வாய் சாம்பல் படலம் ஓரத்தில் விலகியிருந்தது. பிறகு நாலைந்து நாள் அளவு நகரவே இல்லை. மாமி யாரோடும் பேசவில்லை. ஆனால் மல்லாந்தும் படுக்கவில்லை. இரவு பதினோரு மணிக்கும் விடிகாலை நாலு மணிக்கும் ஸ்மிதா அலாரம் வைத்து எழுந்து தலையணையை மாற்றினாள்.

இருபத்தோராம் நாள் வியாழக்கிழமை. சுந்தரவல்லி சேம்பருக்குப் போய் முதல் நாள் படத்தையும் அன்றைய படத்தையும் மாற்றி மாற்றிக் காட்டினாள். நாலரை. மூன்று. சாம்பலைக் காணோம், அடி முழுக்க மாதுளை முத்துபோலச் சிவப்பு.

டாக்டர் இரண்டு தடவை முன்னும் பின்னும் போகச் சொன்னார். பிறகு மேஜை டிராயரைத் திறந்து, நர்சிங் ஹோமுக்கு எழுதிய சீட்டின் நகலை எடுத்து, குறுக்கே ஒரு கோடு போட்டு அவளிடம் நீட்டினார்.

"இந்த வேலையை எங்க கத்துண்டே?"

"கரக்பூர்ல டாக்டர். தர்ம ஆஸ்பத்திரி. ஆறே மாசம்."

"பல பேர் அஞ்சு வருஷம் படிச்சும் வரதில்லை" என்றார் அவர்.

சீட்டை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு அவள் அறுபத்திரண்டு படியையும் நிற்காமல் ஏறினாள். மாமி சீட்டை வாங்கி, கோட்டை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "நன்னா அழுத்திப் போட்டிருக்கார்" என்றாள். பிறகு ஸ்மிதாவைக் கூப்பிட்டுப் பாயசம் வைக்கச் சொன்னாள். தனக்கு இரண்டு கிண்ணம், வல்லிக்கு மூன்று என்று கணக்கும் சொன்னாள்.

மறுநாள் காலை ஏழரைக்குச் சுந்தரவல்லி வந்தபோது குருபிரசாத் ஷூ மாட்டிக்கொண்டிருந்தான்.

"மூணு வாரம் ஆச்சே வல்லிதி. அந்த போனை இனிமே..."

"இன்னும் மூணு சென்டிமீட்டர் பாக்கி இருக்கு தம்பி" என்றாள் அவள். அவன் பழைய போனையே பையில் போட்டுக்கொண்டு படியிறங்கினான்.

அவள் அந்த போனிலிருந்தே நர்சிங் ஹோமைக் கூப்பிட்டு, இன்றைக்கு எழுதியிருந்த படுக்கை வேண்டாம் என்று சொன்னாள். எதற்கு என்று கேட்டார்கள். "ஆறிட்டு வருது" என்று சொல்லிவிட்டு வைத்தாள். கை கழுவினாள். மாமியின் அக்குளில் கைகொடுத்துத் தூக்கிக் கட்டில் விளிம்பில் உட்காரவைத்து, இரண்டு பாதத்தையும் தரையில் பதித்தாள். மே மாதத்துக்குப் பிறகு இந்த வீட்டுத் தரையை அந்தக் கால்கள் தொடுவது இதுதான் முதல் தடவை. "ஜில்லுனு இருக்கு" என்றாள் மாமி. நாலு நிமிஷம் உட்கார்ந்தாள். பிறகு தானே இடது பக்கம் சாய்ந்து, டிவியைப் பார்த்தபடி சொன்னாள்:

"ம், எடு. பூவைத் தள்ளினியா?"

தள்ளியிருந்தாள். எடுத்தாள்.